அழுகிற ஆளிடம் பெயரைக் கேளுங்கோ

போன ஞாயிறு எங்கட அப்பார்ட்மென்ற் ஹோலில் இருந்த ஆக்கள்: நான். என் மனிசி இராசம். மகள் தர்சி. இராசத்தின் தங்கச்சி புருசன் பரமு. தர்சியின் கையில் ஒரு சின்னக் கமரா.

இராசத்துக்கு மறதி வருத்தம். டிமென்ஷியா என்று டொக்டர் பெயர் சொல்லி இரண்டு கிழமைதான்.

ஏன் இவ்வளவு பிந்திக் கண்டுபிடித்தோம்? ஊரில் சண்டை நடந்த மாதங்களில் இராசம் ஒரே கேள்வியைத்தான் கேட்பா — "தம்பி போன் எடுத்தவனோ?" பத்துத் தரம். இருபது தரம். அவவின் தம்பி வன்னிக்குள் இருந்தவன். நானும் அதைத்தான் கேட்டேன். தர்சியும் அதைத்தான் கேட்டாள். அந்த நேரம் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் எந்தத் தமிழ் வீட்டில் வேறு கேள்வி இருந்தது?

மே மாதம் சண்டை முடிந்தது. ஜூனில் தம்பி முகாமிலிருந்து கதைத்தான். உயிரோடு இருக்கிறான். நாங்கள் கேட்கிறதை விட்டோம்.

இராசம் விடவில்லை.

பிறகு ஒரு நாள் நான் வேலையால் வர, ஆள் வீட்டில் இல்லை. தேடிப் போனால் லோறன்ஸ் ரோட்டில் பஸ் ஸ்ரொப்பில் இருக்கிறா. வீட்டுச் செருப்பு. அழுதபடி...

மத்தியானமே எங்களைத் தெரிந்த மனிசி ஒராள் அவவைக் கண்டிருக்கிறா. கண் துடைக்க ரிசுப் பேப்பர் கொடுத்து, தோளைத் தடவி, போய்விட்டா.

"ஊரில ஆரையோ பறிகுடுத்திட்டா எண்டு நினைச்சன் அண்ணை. அதில என்னத்தைக் கேக்கிறது?"

அவவில் பிழை சொல்ல மாட்டேன். இந்தக் கோடையில் அழுகிற தமிழ் மனிசியிடம் ஆர் போய் விபரம் கேட்டது? நீங்கள் கேட்டிருப்பியளோ? நானும் கேட்டிருக்க மாட்டேன்.

அதனால்தான் கமரா. பேஸ்புக்கில் வீடியோ போட வேணும் என்றாள் தர்சி. பரமுவுக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணை, அங்க சனம் முள்ளுக்கம்பிக்குள்ள கிடக்குது. அதுக்குப் பக்கத்தில உங்கட வீட்டு வருத்தத்தையும் கொண்டுபோய்ப் போடப்போறியளோ?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"பெட்டைக்கும் இன்னும் கலியாணம் பேசேல்லை. பரம்பரை வருத்தமெண்டு கதை கட்டுவாங்கள்."

"அப்பிடிக் கதை கட்டிற வீட்டுக்கோ என்னை அனுப்பப்போறியள் சித்தப்பா?" என்றாள் தர்சி. "கொஞ்சம் அங்கால தள்ளுங்கோ. பிரேமுக்குள்ள நிக்கிறியள்."

நான் மூன்று வசனம் சொன்னேன். இவ இராசம். மறதி வருத்தம். வழியில் கண்டால் பெயரைக் கேட்டு எங்களுக்குப் போன் எடுங்கோ.

இராசம் கமராவைப் பார்த்துத் தன் கேள்வியைக் கேட்டா. தர்சி அதை வெட்டவில்லை.

திங்கள் பார்த்தேன். வீடியோவுக்குக் கீழே ஒன்றும் இல்லை. செவ்வாயும் இல்லை. புதனும் இல்லை. பிறந்தநாள் கேக்குக்குக் கீழே முப்பது பேர் எழுதுகிற சனம்... எங்களுக்கு ஒரு சொல் இல்லை. வீட்டுக்கும் ஒருவரும் வரவில்லை. இராசத்துக்குச் சோறு தீத்தினேன். சாப்பிட்டா.

வியாழன் தர்சி இன்பொக்ஸைத் திறந்து காட்டினாள். எல்லாரும் அதற்குள் இருந்தார்கள்.

"எங்கட அம்மாவும் உப்பிடித்தான் அங்கிள்."

"அப்பாவை உள்ளுக்க வைச்சுப் பூட்டிப்போட்டுத்தான் வேலைக்குப் போறன்."

ஒன்று எங்கட கட்டிடத்திலிருந்தே வந்தது. ஐந்தாம் மாடி. லிப்டில் கண்டால் வெயிலைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள்.

எல்லாவற்றின் முடிவிலும் ஒரே வசனம் — எங்கட பேரை வெளியில சொல்லிப்போடாதேங்கோ.

சொல்லவில்லை. எண்ணினேன்.

பதினேழு வீடு.