இரண்டே முக்கால் மணி நேரத்தில் சபா

மலேசியாவின் கிழக்கே, கடலுக்கு அப்பால் இருக்கும் சபா மாநிலத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் என்னைக் கணித ஆசிரியையாக நியமித்திருந்தார்கள். செய்தி வந்த மறுநாளே, அம்மாவின் அண்ணனான மாமா, தாசேக் கெலுகோரிலிருந்து பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் பெரிய முடிவுகளை எல்லாம் அவர்தான் எடுத்தார்.

"அப்பீல் போட்டுரு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு எழுது," என்றார், செருப்பைக் கழற்றும்போதே.

"எனக்கு உடம்புக்கு என்னண்ணே?" என்றாள் அம்மா.

"கடல் தாண்டி அனுப்பப் போறியா? எவ்வளவு தூரம் தெரியுமா?"

நான் கைப்பேசியில் பார்த்துச் சொன்னேன். பினாங்கிலிருந்து சபாவின் தலைநகர் கோத்தா கினபாலுவுக்கு ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நேரடி விமானத்தில் இரண்டே முக்கால் மணி நேரம்.

"உங்க மகன் ஜோகூர்லேர்ந்து பஸ்ல வர்றதுக்கு ஒம்போது மணி நேரம் ஆவுது மாமா. அத யாரும் தூரம்னு சொல்லலையே?"

"அவன் ஆம்பள லா."

"அப்போ பிரச்சன தூரம் இல்ல."

அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. "அம்மாவுக்குச் சீக்குன்னு பொய் எழுத மாட்டேன். நான் போறேன்."

மாமா காப்பியைத் தொடாமலே எழுந்து போனார். அம்மா அதை எடுத்துத் தானே குடித்தாள். பிறகு, "அங்க குளுருமா?" என்று கேட்டாள்.

போனேன். முதல் மாதம் தமிழில் பேச ஓர் ஆள் கிடைக்கவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். வீட்டுக்குப் பேசும்போது மட்டும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் மாமா ஜெயித்துவிடுவார்.

முதல் விடுமுறைக்கு நேரடி விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. கோலாலம்பூரில் இறங்கி மாற வேண்டியிருந்தது; அங்கே அடுத்த விமானமும் தாமதம். காலையில் கிளம்பியவள் பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டில் மாமா காத்திருந்தார்.

"எத்தன மணி நேரம் ஆச்சு?"

"ஒரு நாள் பூரா ஆச்சு."

"நான் அப்பவே சொன்னேன்ல?"

"ரெண்டு நாள் ஆனாலும் திரும்பிப் போவேன் மாமா. என் பிள்ளைங்களுக்குப் பரீட்ச வருது."

அவர் ஆதரவு தேடி அம்மாவைப் பார்த்தார். அம்மா என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

அடுத்த சில மாதங்களில் அம்மாவே எனக்குப் போனில் பேசினாள், சபாவுக்கு வர டிக்கெட் எடுக்கச் சொல்லி. அதுவரை விமானத்தில் ஏறாதவள் தனியாகவே வந்தாள். கோத்தா கினபாலு விமான நிலையத்தில் கைப்பையை மார்போடு அணைத்தபடி வெளியே வந்தவளுக்குக் காது அடைத்திருந்தது. ஊரே கேட்கும்படி பேசினாள்.

"மாமாகிட்ட சொல்லிட்டு வந்தீங்களாம்மா?"

"சொன்னேன், சொன்னேன். ஏரோப்ளேன்ல ஏறி உட்கார்ந்தப்புறம்."