பயந்தாங்கொள்ளி டாக்டரும் என் முழங்காலும்

நேற்றுக் காலை மீன் வாங்கப் போன அக்கா வெறுங்கூடையோடு திரும்பினாள். "நம்ம டாக்டரு பூட்டாரு நைனா" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராயபுரத்தில் சிறிய மருந்துசாலை நடத்திவந்த டாக்டர் ஞானமுத்து அவர்கள் காலமாகிவிட்டார்.

பயந்த சுபாவம் அவருக்கு. சளி என்று போனாலும் நெஞ்சைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். 'பயந்தாங்கொள்ளி டாக்டர்' என்று பேட்டையே சிரிக்கும். நானும் சிரித்தவன்தான், துறைமுகத்தில் சரக்குப் படகிலிருந்து வழுக்கி விழும் வரை.

முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. நீவி விடுகிறவருக்குச் சொல்லியனுப்பியிருந்தோம். அதற்குள் வலி பொறுக்காமல் நான் கத்தவே, அக்காவும் அவள் கணவரும் என்னைக் கைவண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

மருந்துக்கு வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோவது எங்கள் வழக்கம். டாக்டர் முட்டியில் ஊசி குத்தி உறிஞ்சியதை, அவசரத்தில் கைக்கு வந்த எங்கள் பாட்டிலிலேயே விட்டார். வந்தது ரத்தம். சற்று நேரத்தில் அதன்மேல் எண்ணெய்த் துளிகள் மிதந்தன. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இந்தப் பாட்டில்ல முன்னாடி இன்னாம்மா இருந்துச்சு?"

"நல்லெண்ண, டாக்டரய்யா. நல்லாத்தான் கழுவுனேன்."

"அப்ப அதான் மெதக்குது" என்றார் மாமா. "இந்நேரம் வூட்ல நீவுறவரு வந்து குந்திகினு இருப்பாரு. நீவி வுட்டா நாளைக்கே வேலைக்குப் பூடுவான்."

"பாட்டில் எண்ணெயா இருந்தா வெறும் அடி. முட்டிக்குள்ளேர்ந்து வந்ததா இருந்தா எலும்பு உடைஞ்சிருக்கு, அதுக்குள்ள இருக்கிற கொழுப்பு கசியுது. அதைப் போய் நீவுனா கால் போயிடும்பா."

ஊசியையும் ஒரு கண்ணாடி டம்ளரையும் கொதிக்கவைத்தார். மறுபடி ஊசியோடு வந்தார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயமா கீது டாக்டர்."

"எனக்கும்தாம்பா. அதனாலதான் இன்னொரு தபா பாக்குறேன்."

டம்ளரை யாரும் தொடக் கூடாது என்று சன்னலோரம் வைத்தார். நால்வரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் வரக் கூடாது என்று நான் வேண்டாத தெய்வமில்லை. ரசத்தில் நெய் மிதப்பதுபோல் துளிகள் மெல்ல மேலே வந்து கூடின. மாமா குதிரை வண்டி பிடிக்க ஓடினார்.

டாக்டர் என் காலை அசையாதபடி மட்டை வைத்துக் கட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜட்காவில் கூடவே வந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மெதுவா, மெதுவா" என்று வண்டிக்காரனைப் பிடுங்கி எடுத்துவிட்டார். எக்ஸ்ரே படத்தில் முட்டிக்குக் கீழே எலும்பு விரிசல் விட்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார். பிற்பாடு தெருவில் எங்கே கண்டாலும் குசலம் கேட்கமாட்டார்; "பாத்து நட" என்பார்.

இன்று அவர் பெட்டியின் ஒரு மூலை என் தோளில் இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் மழைச் சேறு வழுக்கியது. "மெதுவா" என்று ஒரு குரல் வருமென்று காது காத்திருந்தது. வரவில்லை.

பார்த்துத்தான் நடந்தேன், டாக்டர். கால் வழுக்கவில்லை. இனி நீங்கள் பயப்படாமல் தூங்குங்கள்.