மூட்டைகள் இறங்காத மதகு

பிள்ளைகளே, நம் தேயிலைத் தோட்டத்து டிவிஷனுக்கு பஸ் வந்துபோன காலம் உங்களுக்கு மறந்திருக்காது. சின்னவளுக்கு ஹோர்ன் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கலாம். அது ஏன் நின்றுபோனது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் அன்றைக்கு அந்த பஸ்ஸில் போனவன். பார்த்ததை எழுதி வைக்கிறேன். நான் அதிகம் படிக்கவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

பஸ் வருவதற்கு முன்பு இங்கிருந்து எதையாவது விற்க வேண்டுமென்றால் தலையில் சுமந்துகொண்டு தெமோதரை ஸ்டேஷன்வரைக்கும் இறங்க வேண்டும். அதனால் யாரும் எதையும் விற்கவில்லை. கொழுந்து டிரக்டரில் மேல் டிவிஷன் ஃபெக்டரிக்குப் போய்விடும். நமக்குச் சம்பளம் மட்டும்தான். அது போதாமல்தான் உங்கள் அம்மா பதுளையில் ஓர் ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தாள். குவைத்தில் வீட்டு வேலை.

"ரெண்டு வருஷம்தானேங்க. ஓடிப்போயிரும்" என்றாள்.

நம் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அப்படிப் போய்த் திரும்பி வந்த ஒருத்தி, இன்றுவரை யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. அம்மாவுக்கும் அது தெரியும். தெரிந்தும் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் ரோட்டுக்குத் தார் போட்டு பஸ் விட்டார்கள். அம்மா பண்டாரவளையில் ஒரு வகுப்புக்குப் போய்க் காளான் வளர்க்கப் பழகினாள். நம் லயத்துக் கடைசியில் ஆளில்லாமல் கிடந்த ஒற்றை அறைக் காம்பராவில் மரத்தூள் பைகளைத் தொங்கவிட்டாள். காளான் காத்திருக்காது. விடியலில் பறித்தால் அன்று காலையே கடைக்காரன் கைக்குப் போக வேண்டும். மத்தியானம் ஆனால் மஞ்சளாகி நாறும். பஸ் இருந்தால் காளான். காளான் இருந்தால் அம்மா நம்மோடு. நம் வீட்டுக் கணக்கு இவ்வளவுதான். ஏஜென்ட்டிடம், "கொஞ்ச நாள் பொறுங்க அண்ணே" என்று சொல்லி வைத்திருந்தாள். பாஸ்போர்ட் அவனிடமே இருந்தது.

அம்மாவைப் பார்த்து மற்றவர்களும் மரக்கறி போடத் தொடங்கினார்கள். ஒருவர் போஞ்சி, ஒருவர் லீக்ஸ். என்னோடு தேயிலைக்கு மருந்தடிக்கிற மச்சான் தரிசாகக் கிடந்த மேட்டில் கோவா போட்டான். இலை சுருண்டு உருண்டையாக, பச்சையாகவும் பாரமாகவும் நன்றாக விளைந்தது. பஸ்ஸின் பின் சீட்டெல்லாம் மூட்டை. கூரை மேலும் மூட்டை.

பாதையில் பாதித் தூரத்தில் ஓடையைக் கடக்க ஒரு மதகு இருந்தது அல்லவா? ரோட்டுக்குத் தார் போட்டவர்கள் அதன் மேலேயும் தார் போட்டார்களே தவிர, அடியில் குனிந்து பார்க்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல். முதல் மழைக்கே தாரில் ஒரு கீறல் விழுந்தது. இரண்டாவது மழைக்கு அதற்குள் விரல் போனது. அதிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. மதகுக்கு இந்தப் பக்கம் பஸ் நிற்கும். கொண்டக்டர் தகரத்தில் தட்டுவார். "எறங்குங்க, எறங்குங்க! புள்ளத்தாச்சி மட்டும் இருக்கலாம்." ஒருநாள் ஒரு கிழவர், "அப்ப நானும் புள்ளத்தாச்சிதான்" என்று வயிற்றைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிரித்தோம். ஆட்கள் நடந்து மதகைத் தாண்டுவோம். பின்னால் பஸ் மெல்ல வரும். அந்தப் பக்கம் போய் மறுபடியும் ஏறிக்கொள்வோம்.

அடியில் தண்ணீர் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முன்பு ஓடுகிற சத்தம். பிறகு எதையோ மெல்லுகிற சத்தம். யாரோ ஓரத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பூ வைத்தார்கள். போகிறவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அந்தக் கல்லைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒரு சந்தை நாளில் மதகைத் தாண்டி நின்றபோது அம்மா என் காதோடு சொன்னாள். "பாத்தீங்களா? நம்மள எறக்கி விட்டுட்டு மூட்டைங்கள ஏத்திக்கிட்டு வாறாங்க."

அதுவரை என் புத்தியில் அது ஏறவே இல்லை. யாருடைய புத்தியிலும் ஏறவில்லை. ஆள் விழுந்தால் சாவு. கோவா விழுந்தால் கோவாதானே என்று நினைத்திருந்தோம் போலிருக்கிறது. நாங்கள் எல்லோரும் சேர்ந்தாலும் அந்த மூட்டைகளின் பாரம் வருமோ என்னவோ.

அடுத்த சந்தை நாளுக்கு முன்பு பகலும் இரவும் மழை. காலையில் விட்டிருந்தாலும் பனி மூட்டத்தில் மதகின் மறுகரை தெரியவில்லை. வழக்கம்போல் இறங்கினோம். நான் எங்கள் காளான் பெட்டிகளையும் இறக்கினேன்.

"மூட்டைங்களயும் எறக்குவோம். தூக்கிக்கிட்டுப் போய் அந்தப் பக்கம் ஏத்திக்கலாம்" என்றேன்.

மச்சான் சிரித்தான். "உனக்கென்ன மச்சான், பஞ்சு மாதிரி காளான். ஒத்தக் கையில தூக்கிருவ. என் கோவாவத் தூக்கிப் பாரு, நாளைக்குக் காலையில பேர் குடுக்க நீ பெரட்டுக்கு வரமாட்ட."

"ஐயோ, கோச்சி போயிரும்!" என்று தெமோதரையில் ரயில் பிடித்துப் பண்டாரவளைக்குப் போகிற பெண்கள் கத்தினார்கள்.

டிரைவர் சிங்களவர், நம் பேச்சு நன்றாகப் பேசுவார். ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு கீழே ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அம்மா பஸ்ஸில் ஏறி மச்சானின் மூட்டை ஒன்றை இழுத்தாள். "அட, விடு தங்கச்சி, இடுப்பு புடிச்சிக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவனும் ஏறினான். பின் சீட்டு மூட்டைகளை இறக்கினோம். கூரையில் இருந்தவற்றைத் தொடவில்லை. நாங்கள் நடந்து தாண்டுவதற்கு முன்பே டிரைவர் கியர் போட்டுவிட்டார்.

முன் சக்கரங்கள் தாண்டின. பின் சக்கரம் நடுவில் வந்தபோது பஸ் ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்தது. யாரோ, "முருகா" என்றார்கள். எஞ்சின் அலறியது. பஸ் தாண்டிப் பனிக்குள் போனது. அதற்குப் பிறகுதான் மதகு கீழ்ப்பக்கத்திலிருந்து முழுதாகச் சரிந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கருங்கற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. மஞ்சள் பூசிய கல்லும் போனது.

மூட்டைகளை இறக்கியதால் பஸ் தப்பியதா, அல்லது எப்படியும் தப்பியிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தான். "பஸ் அந்தப் பக்கம், கோவா இந்தப் பக்கம். நல்லா யாவாரம் பண்ணினோம் போ." யாரும் சிரிக்கவில்லை.

பிறகு டவுனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அளந்தார்கள். பாறையில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டார்கள். புதுப் பாலம் வரும் என்றார்கள். கோடு இன்னும் இருக்கிறது. நாம்தான் இரண்டு டர்பன்டைன் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுக் கம்பி கட்டினோம். பஸ் இப்போது அந்தக் கரைவரைதான் வரும், வந்தால். மச்சானின் மேட்டில் திரும்பவும் மானாப்புல் ஏறிவிட்டது. கோவா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த மரத்தில் நடக்க முடியாது.

அந்த வாரமே ஏஜென்ட் அம்மாவுக்கு போன் எடுத்தான். ஸ்பீக்கரில் அவன் குரல் மிகவும் அன்பாக இருந்தது. "ரோடு ஒடஞ்சிருச்சாமே தங்கச்சி. இனி அங்க என்னதான் இருக்கு? டிக்கட் போட்டுருவமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நீங்கள் இருவரும் பாயில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

"எம் பாஸ்போர்ட்டக் குடுத்துருங்க அண்ணே" என்றாள். "காளான் பாரமில்ல. நா நடந்து போயிக்கிறேன்."

அதனால்தான் உங்கள் அம்மா இங்கே இருக்கிறாள். விடியலில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தெமோதரை ஸ்டேஷனுக்கு நடக்கிறாள். நான் பெரட்டுக்குப் போவதற்கு முன்பு மதகு இருந்த இடம்வரை கூடப் போவேன். இரண்டு பேர் ஒன்றாக ஏறினால் மரம் ஆடும். நான் இந்தக் கரையிலேயே நின்றுகொள்வேன். நாலு எட்டு வைத்ததும் அவளைப் பனி மூடிவிடும். பிறகு தண்ணீர் சத்தம் மட்டும்தான். அந்தப் பக்கம் கால் வைத்ததும் ஒரு குரல் கொடுப்பாள். அது கேட்ட பிறகுதான் நான் திரும்புவேன்.

வருகிற வருஷம் பெரியவன் டவுன் ஸ்கூலுக்குப் போக வேண்டும். அவனுக்கும் இதே மரம்தான். இப்போது மறுபடியும் மழைக்காலம். இன்று காலையில் நான் நின்றுகொண்டே இருந்தேன். குரல் வந்தது. ஆனால் வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தது.