கொழாவில் கேட்டு முடித்த மெட்டல்

பூவரசன் ஒரு புதுப் பாட்டை மூன்று இடங்களில் கேட்பார். முதலில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டே. அடுத்து, கல்லங்குறிச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில், மடித்துப் போட்ட பந்தல் துணிகளின்மேல் படுத்துக்கொண்டு. கடைசியாக அடுப்படியில், என்னையும் கேட்க வைத்து. நான் அவர் மனைவி. எனக்கு மெட்டல் இசை தெரியாது. தெரியாது என்பதால்தான் என்னிடம் வருவார்.

"கவிதா, இது எந்த ஊரு மாதிரி இருக்கு?"

"எனக்கு என்னங்க தெரியும்?"

"ஊரு பேரு வேணாம். என்ன தோணுதோ அதச் சொல்லு."

ஒருமுறை, "யாருமில்லாத மாட்டுக் கொட்டாயில கதவத் தொறந்து போட்டுட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றேன். அவர் கரண்டியை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பின்லாந்தில் இரண்டு பேர் சேர்ந்து வெளியிட்ட பதிவாம் அது. டிரம்ஸை உண்மையிலேயே ஒரு பழைய களஞ்சியத்துக்குள் வைத்துத்தான் அடித்தார்களாம்.

அவர் தொழில் ரேடியோ செட்டு. கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக், ஸ்பீக்கர் பெட்டி, சீரியல் விளக்கு எல்லாம் கட்டுவார். பெரம்பலூரில் பாலிடெக்னிக் படித்தபோது விடுதியில் யாரோ காதில் மாட்டிவிட்ட பாட்டிலிருந்து தொடங்கிய பழக்கம் இது. பெரிய கம்பெனிகள் தொடாத, உலகத்தில் நூறு பேர், இருநூறு பேர் மட்டும் இன்றைக்கும் கேசட்டாக வாங்கும் அண்டர்கிரவுண்ட் மெட்டலைத்தான் தேடித் தேடிக் கேட்பார். யூடியூபில் 'ரேடியோ செட்டு' என்று ஒரு சேனல் வைத்திருந்தார். வாரம் ஒரு புது வெளியீடு. வண்டிக்குள் உட்கார்ந்து, நம் ஊர்த் தமிழில் பேசுவார். முகத்தைக் காட்டமாட்டார், திரையில் ஸ்டியரிங் மட்டும் தெரியும்.

பேசும்போது எதையும் சுற்றி வளைக்கமாட்டார். ஒரு பெரிய நகரத்துக் குழுவின் பளபளப்பான பதிவைப் பற்றி, "தேச்சு வெச்ச பித்தள மாதிரி இருக்கு. ஆனா யார் வூட்டுப் பித்தளன்னு தெரியல" என்றார். இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பதிவில் கிட்டார்க்காரி ஒரு இடத்தில் கம்பியைத் தப்பாகத் தொட்டு, அதை அப்படியே விட்டிருந்தாள். "அத அழிச்சிருந்தா இது நூத்துல ஒண்ணு. அழிக்கல, அதனால இது அந்தப் பொண்ணோட பாட்டு" என்றார். நன்றாக வாசிக்கிறவன் எங்கும் இருக்கிறான், எங்கிருந்து வாசிக்கிறான் என்பது காதில் விழ வேண்டும். இதுதான் அவர் கணக்கு. இதில் தேறாத குழுக்களை விடாமல் கேலி செய்வார். சென்னையிலிருந்து ஒரு பையன் கோபப்பட்டு, "நீங்க ஒரு கேசட் போடுங்க, அப்புறம் பேசலாம்" என்று கீழே எழுதினான். அதைப் படித்துச் சிரித்தாரே தவிர, அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்படித்தான் 'காளவாய்' என்ற குழு உருவானது. கிட்டாரும் குரலும் பூவரசன். டிரம்ஸ், பெரம்பலூரில் கல்யாண பேண்டு செட்டில் வாசிக்கும் சரத்குமார். பேஸ் கிட்டாரும் கம்ப்யூட்டரும், அவருடன் பாலிடெக்னிக்கில் படித்த ஜெயப்பிரகாஷ். தகரக் கொட்டகையில்தான் பயிற்சி. என் மாமியார் பெரியம்மாள் முதல் நாள் பூவரசன் அடித்தொண்டையில் உறுமிப் பாடுவதைக் கேட்டுவிட்டு, மிளகுக் கஷாயத்தோடு போய் நின்றார்.

"யாருக்குடா தொண்ட கட்டிக்கிச்சு?"

"யாருக்கும் இல்லம்மா. பாட்டு."

"பாட்டா? குடிச்சிட்டுப் பாடு, கொஞ்சமாச்சும் வெளங்கும்."

மூன்று பேரும் கஷாயத்தைப் பகிர்ந்து குடித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயிற்சிக்கும் கஷாயம் வந்துவிடும்.

போர்ச்சுகலில் ஒருவர் வீட்டிலிருந்தபடியே சின்ன அளவில் கேசட் போடுகிறார். பூவரசன் பேசுவது ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியாது. ஆனாலும் சேனலை விடாமல் பார்ப்பார். 'காளவாய்' பதிவை நூறு கேசட் போட்டுத் தருவதாக அவரே சொன்னார். அன்றிலிருந்து பூவரசனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கேசட் விற்காமல் போகும் என்ற பயமில்லை. கேட்கிறவன், இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாமல் போய்விட்டால்? மற்றவர்களை அளந்த கோல் தன் கையில்தான் இருக்கிறது, அதில் தானே குட்டையாக நின்றுவிட்டால்? "அதுக்கப்புறம் நான் வண்டிக்குள்ள ஒக்காந்து பேச முடியாது கவிதா" என்றார்.

ஆவணி மாதம் பதிவு முடிந்தது. ஒவ்வொரு கருவியும் எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று ஏற்றி இறக்கி வைக்கும் மிக்ஸிங் வேலை மட்டும் பாக்கி. ஆனால் முகூர்த்த மாதம். அவருடைய நல்ல பெட்டிகள் எல்லாம் ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தன. கேசட்காரர் கேட்ட நாளோ மறுநாள். கொட்டகையில் மிச்சம் இருந்தவை, இப்போது யாரும் அதிகம் வாடகைக்குக் கேட்காத கூம்பு ஒலிபெருக்கிகள். எங்கள் பக்கம் கொழா என்போம்.

ரேடியோ செட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொழாவைக் கட்டிவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்கமாட்டார்கள். ஊர் எல்லைவரை நடந்துபோய், அங்கே நின்று கேட்டு, போனில் சொல்லி ஏற்றி இறக்குவார்கள். பூவரசன் அதையே செய்தார். புளியமரத்தில் கொழாவைக் கட்டி, ஜெயப்பிரகாஷைக் கம்ப்யூட்டரில் உட்கார வைத்துவிட்டு, மக்காச்சோளக் கொல்லை வரப்பில் நடந்தார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் கேட்டது.

"மாப்ள, பேஸ் கேக்கல. ஏத்து."

"ஏத்திட்டேன்டா."

"இன்னும் ஏத்து. டிரம்ஸோட அடி வரல."

"கடேசி வரைக்கும் ஏத்தியாச்சு. இதுக்கு மேல ஏத்தணும்னா நானே போய் அடிச்சாதான் உண்டு."

கொழாவில் கனத்த ஒலி வராது, கீச்சொலிதான் வரும். இது அவருக்குத் தெரியாததில்லை. திருவிழாவில் கொழா கட்டினால் பேஸ் குமிழைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஆனால் அன்று கேட்டது சொந்தப் பாட்டு. அது மெலிந்து கேட்டதும், தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. பேஸ் லேசாகக் காதில் விழுந்ததும், வரப்பில் நின்று திருப்தியாகக் கையை உயர்த்தினார். பாட்டை அன்றே அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் பெட்டிகள் திரும்பி வந்தன. ஒன்றை இறக்கியதும் ஆசையாகப் பாட்டைப் போட்டார். முதல் அடி விழுந்தபோது தகரக் கூரையிலிருந்து தூசு கொட்டியது. இரண்டாவது அடிக்கு, சுவரில் மாட்டியிருந்த சீரியல் பல்புகள் ஒன்றோடொன்று மோதின. அவர் குரல் எங்கோ அடியில், மண்ணுக்குள்ளிருந்து வந்தது. சரத்குமார் வாயைத் திறந்தபடி நின்றான். ஜெயப்பிரகாஷ்தான் பேசினார்.

"கொழாவுல கேட்டுட்டுப் பெட்டிக்கு அனுப்பிட்டோம்டா."

பூவரசன் பெட்டியை நிறுத்தினார்.

"நிறுத்தச் சொல்லி எழுதிடலாம்ணே" என்றான் சரத்குமார். "சரி பண்ணி அனுப்புவோம். ஊரான் மிக்ஸிங்க எல்லாம் நாறடிச்சிட்டு நாமளே இப்படிப் போட்டா, அந்த மெட்ராஸ்காரன் சும்மா விடுவானா?"

பூவரசன் எழுதுவதற்குப் போனைக் கையில் எடுத்தார். எடுத்தவர் எழுதாமல் அடுப்படிப் பக்கம் வந்தார். பின்னாலேயே மற்ற இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"எந்த ஊரு மாதிரி இருக்கு கவிதா?"

அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னால் தப்பாகிவிடும் என்று அலமாரியைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். எவர்சில்வர் தட்டுகள் நடுங்கின. சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை வந்தது.

"சுரங்கத்துல வெடி வெக்கிறாங்கல்ல மத்தியானத்துல. அப்ப வூட்டுப் பாத்திரம் இப்படித்தான் அதிரும்" என்றேன்.

எங்களைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். ஞாயிறு தவிர மற்ற நாள் வெடி உண்டு. ஆறுதலுக்காக அதைச் சொல்லவில்லை. அதுதான் தோன்றியது, சொன்னேன். அவர் பாட்டை முதலிலிருந்து போட்டு, தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையைச் சிமெண்டுத் தரைமேல் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார். முடிந்ததும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எழுதலியாண்ணே?"

"எதுக்கு?"

"என்ன எதுக்கு? தப்புண்ணே அது."

"தப்புதான். ஆனா நம்ம தப்பு. வேற எவனும் முகூர்த்தத்துக்குப் பெட்டிய அனுப்பிட்டுக் கொழாவக் கட்டிட்டு நிக்கமாட்டான்."

கேசட்டுகள் மார்கழியில் வந்தன, தை பிறப்பதற்குள் எல்லாம் விற்றுப்போயின. சிலியிலிருந்து ஒருவர், இந்தப் பேஸ் ஒலியை எந்தக் கருவியில் எடுத்தீர்கள் என்று கேட்டார். பூவரசன் கொழாவைப் படம் பிடித்து அனுப்பினார். சிலிக்காரர் நம்பவில்லை. போலந்திலிருந்து ஒரு பெண், இதைக் கேட்டால் வீட்டுக்கு அடியில் யாரோ வேலை செய்வதுபோல் இருக்கிறது என்று எழுதினாள். அதை அவர் எனக்கு மூன்று தடவை படித்துக் காட்டினார். சென்னைப் பையன் ஒரு கேசட் வாங்கிவிட்டு, எதுவும் எழுதாமல் இருந்தான். அதைத்தான் பெரிய விமர்சனம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சேனலில் மட்டும் அந்தப் பதிவைப் பற்றிப் பேசவேயில்லை. "பெத்தவனே மார்க் போடக்கூடாது" என்பார். இந்த ஊர்க்காரர்களிடமும் போட்டுக் காட்டியதில்லை. வெளிநாட்டுக்காரன் சொல்வது வேறு. இங்கிருப்பவன் கேட்டு, இது நம் சத்தம் என்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் பயமாக இருக்கிறது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

போன ஐப்பசியில் காய்ச்சலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

கருமாதியன்று வாசலில் பந்தல். அவருடைய பெட்டிகளைத்தான் சரத்குமார் கட்டியிருந்தான். சடங்கெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்தபோது என்னிடம் வந்தான்.

"அண்ணி, அண்ணன் பாட்டப் போடட்டுமா?"

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போடுடா. எம்புள்ளத் தொண்டதான."

முதல் அடி விழுந்தது. பந்தல் கால்கள் அதிர்ந்தன. இலைகளுக்குப் பக்கத்தில் வைத்த டம்ளர்களில் தண்ணீர் நடுங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு, பெட்டியைப் பார்க்காமல், எல்லாரும் ஒரே பக்கமாகச் சுரங்கம் இருக்கும் திசையைப் பார்த்தார்கள். பெரியவர் கொளஞ்சியப்பன் பக்கத்து இலைக்காரரிடம் கேட்டார்.

"ஏம்ப்பா, இன்னிக்கி ஞாயித்துக்கெழமைல்ல? என்னா வெடி வெக்கிறான்?"

சரத்குமார் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டே சிரித்தான். நான் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னேன்.