சாய்ந்த எழுத்தும் சாய்த்த எழுத்தும்

அம்பத்தூரில் ஒரு டிசைன் கடையில் பதினாறு வருடங்களாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, பள்ளிச் சான்றிதழ், எதுவானாலும் ஆங்கிலப் பெயரைப் போல்டு இட்டாலிக்கில்தான் கேட்பார்கள். தடித்து, வலப்பக்கம் சாய்ந்து, முனைகளில் சின்னப் பாதம் வைத்த எழுத்து. ஒரே ஒரு பெயருக்கு அது எடுப்பாக இருக்கும். பக்கம் முழுக்க அதையே நிரப்பினால் கண் வலிக்கும். இதையெல்லாம் வருகிறவர்களிடம் விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

போன வெயில் காலத்தில் ஒரு முற்பகல், ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா வந்தார். வீடுகளில் வேலை செய்பவர். மகள் நர்சிங் முடித்து ஆவடியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வாசலில் அவள் பெயர்ப்பலகையை மாட்ட வேண்டுமாம். மகள் தன் பெயரையும் படிப்பையும் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினார்.

"நான் வேல செய்ற டாக்டரம்மா ஊட்டுல ஒரு பலக கீது நைனா. எழுத்து குண்டா, சாஞ்சி, காலுல கொக்கி வெச்சா மாரி இருக்கும். அதே எழுத்து வேணும்."

கேட்டதும் புரிந்தது. ஆனால் அன்று காலை திருநின்றவூரிலிருந்து ரயிலில் நின்றபடியே வந்திருந்தேன், முதுகு விண்விண்ணென்றது. என் கணினியில் அந்த எழுத்தின் நேரான வடிவம் மட்டும்தான் இருந்தது. சாய்ந்ததைத் தேடி எடுக்க அலுப்பு. நேர் எழுத்தையே சாய்க்கும் பொத்தானை அழுத்தி, பலகை செய்பவருக்கு அனுப்பிவிட்டேன். யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது?

மூன்று நாள் கழித்து வந்தவர், பலகையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மேசை மேல் வைத்தார்.

"இது அது இல்ல நைனா."

"அதேதாம்மா. சாய்ஞ்சுதானே இருக்கு?"

"சாஞ்சி கீது. ஆனா இத்தப் பாரு." மகள் பெயரில் இருந்த ஒரு 'a' மேல் விரலை வைத்தார். "அங்க இதுக்குத் தலைக்கு மேல கொட இல்ல. ஒரு வட்டம், பக்கத்துல வாலு. அவ்ளோதான்."

"இங்கிலீஷ் படிப்பீங்களாம்மா?"

"தமிழே தெரியாது. பதினோரு வருசமா அந்தப் பலகய நாந்தான் தொடைக்கிறேன்."

பலகையை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. உண்மையான இட்டாலிக் தனியாக வரையப்பட்டது, கையெழுத்தின் ஓட்டத்தோடு. அதில் 'a' தன் குடையை இறக்கி வைத்துவிடும். நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளினால் அது வராது. வேலைக்கு வந்த புதிதில் இது எனக்குத் தெரிந்திருந்தது.

"உட்காருங்கம்மா. வேற செஞ்சு தர்றேன்."

சரியான எழுத்தைத் தேடி இறக்கி, பெயரையும் அதையடுத்துப் படிப்பையும் திரையில் காட்டினேன். அருகில் வந்து பார்த்தார்.

"இதான். இதுல எம் பொண்ணு பேரு எங்க முடியுது?"

காட்டினேன்.

"பேரவுட படிப்பு நீளமா கீது" என்றார். முகத்தில் சிரிப்பு வந்தது.

மறுவாரம் புதுப் பலகையை வாங்கிப்போனார். அதற்குப் பிறகு எனக்கு வேலை கொஞ்சம் கூடிவிட்டது. இங்கிருந்து ஆவடி வரைக்கும் இழுத்துச் சாய்த்த எழுத்துகள்தான் கண்ணில் படுகின்றன. அவற்றில் பாதி என் கையால் வந்தவை. இப்போது அந்தப் பொத்தானை அழுத்த மனம் வருவதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் உரியதைத் தேடுகிறேன், முதுகு வலியோடு.