செபமாலையண்ணையின்ர சத்தமில்லாத கார்

காருக்குள்ள சத்தத்தைக் குறைக்கிற தொழில் இருக்கே, அதைச் செய்யிறவனை ஒருத்தரும் நம்பமாட்டினம். டயர் மாத்தினா டயர் தெரியும். பெயின்ற் அடிச்சா பெயின்ற் தெரியும். நான் செய்த வேலை கதவுக்குள்ளயும் தளத்துக்குக் கீழயும் போய் ஒளிஞ்சு கிடக்கும். வெளியில தெரியிறது என்ர முகம் மட்டும்தான். அது பிறக்கேக்கையே கள்ளமுகம்.

நீங்கள் என்ன கேக்க வந்திருக்கிறியள் எண்டு எனக்கு விளங்குது. மன்னார், சண்டைக் காலம், கார்க் கதவைக் கழட்டி உள்ளுக்க ஏதோ அடைச்சுத் திரும்பப் பூட்டுறவன். அப்ப உள்ளுக்க என்னதான் அடைச்சனீ, சும்மா சொல்லன் எண்டுதானே? கொஞ்சம் கிட்ட வாங்கோ. இன்னும் கிட்ட. சொல்லுறன். தும்பு. தேங்காய்த் தும்பு, தார் பூசின சாக்கு, பழைய கம்பளித் துண்டு. அவ்வளவுதான். பாத்தியளே, உங்கட முகம் விழுந்துபோச்சு. சென்றியெண்ட சோதனைச் சாவடியில நிண்ட ஆமிக்காரரின்ர முகமும் இப்பிடித்தான் விழுந்தது. மறைவான வேலை செய்து பேர் கெட்ட ஆக்கள் ஆரும் இருந்தா, உங்களுக்காகத்தான் இதை எழுதுறன்.

சத்தத்தைச் செய்து காட்டுங்கோ

மன்னார் பசாருக்குள்ள எனக்கொரு குஷன் கடை. கார் மெத்தை தைக்கிறதுதான் தொழில். முருங்கன் றோட்டில தார் போய்க் கல்லு மட்டும் மிஞ்சின பிறகுதான் சத்தம் குறைக்கிற வேலையும் வந்து சேர்ந்தது. வாற ஆக்களிட்ட முதல் நான் கேக்கிறது, காரில என்ன சத்தம் எண்டு வாயாலயே செய்து காட்டுங்கோ எண்டுதான். டொக்குடொக்கெண்டால் தளம். கிறீச்செண்டால் கதவு. ஒரு பள்ளிக்கூட அதிபர் கதிரையில நிமிந்து இருந்துகொண்டு கால் மணித்தியாலம் உறுமிக் காட்டினவர். அவருக்கு முன்னால சிரிக்காமல் நிண்டதுதான் என்ர வாழ்க்கையில நான் செய்த பெரிய காரியம்.

செபமாலையண்ணை ஹயர், அதுதான் வாடகைக் கார், ஓடுறவர். மன்னாரிலயிருந்து முருங்கனுக்கு, ஒரு பழைய ஏ-40 காரில ஏழு பேரை அடைச்சுக்கொண்டு போவார். அவர் சத்தத்தைச் செய்தார். நான் அதைவிட ஒரு சுதி கூட்டித் திருப்பிச் செய்தன். கண்ணை மூடிக் கேட்டுட்டு உதேதான் எண்டார். பயணிகளுக்குக் கரைச்சலோ எண்டு கேட்டன். அவர் கடை வாசலை ஒருக்கா எட்டிப் பாத்தார். பிறகு கழுத்தை ஒரு பக்கம் சரிச்சு, உதட்டை என்ர காதுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில பின் சீற்றில இருந்த ஆள் ஆரெண்டு தெரியாமல் ஏத்திக்கொண்டு போய் சென்றியில பிடிபட்டா, ஆளையும் கொண்டுபோவான், றைவரையும் கொண்டுபோவான். அப்பிடிப் போன ரண்டு ஹயர்காரர் அப்ப இன்னும் வீட்டை வரேல்லை. சனம் ஏறினா, முதல் மைலிலயே அவையின்ர கதையைக் கேட்டு ஆக்களை எடைபோடோணும் எண்டது அண்ணையின்ர எண்ணம். றோட்டுச் சத்தம் விடுகுதில்லை. இது வெளியில போனா ஒரு சனமும் ஏறாது, ஆமியும் விடாது, மற்றப் பக்கத்தாரும் விடாயினம் எண்டார். ஒருத்தருக்கும் சொல்லன் எண்டு அந்தோனியார் மேல சத்தியம் பண்ணினன். அதோட அவருக்குத் திருப்தி வரேல்லை.

"தம்பி, அந்தோனியாருக்கு ஆயிரம் சோலி இருக்கும். உன்ர அம்மா மேல பண்ணு."

இரும்புக் கம்பி

அஞ்சு நாள் வேலை. தளத்துக்குத் தார்ச்சாக்கு ரண்டு பட்டு, கதவு நாலுக்கும் தும்பு, கூரைக்குக் கம்பளி. முதல் நாள் ஓட்டத்துக்கு என்னையும் பக்கத்தில ஏத்திக்கொண்டு போனார். கார் அப்பிடியே தோணி மாதிரிப் போச்சுது. பின்னால ஒரு மனிசி பெருமூச்சு விட்டதுகூட எங்களுக்குக் கேட்டது.

பாலத்தடிச் சென்றியில கோப்ரல் ஒருத்தர் இருந்தார். மெல்லிசான ஆள், மெல்லிசான மீசை, கையில எப்பவும் ஒரு நீட்டு இரும்புக் கம்பி. மூட்டையளைக் குத்திப் பாக்கிறதுக்கு. அவர் கதவில தட்டினார். வழமையாத் தகரம் 'டங்' எண்டு கத்தும். இது 'தொப்' எண்டுது. அவர் மற்றக் கதவிலயும் தட்டினார். தொப். எங்களை இறக்கிப்போட்டு, நாலு கதவின்ர உள்மட்டையையும் கழட்டுவிச்சார். அஞ்சு நாளா நான் பாத்துப் பாத்து அடைச்ச தும்பு றோட்டில கிடந்து காத்துக்குக் கடலுக்குப் பறக்குது. கம்பியால கிண்டினார், கையால பிசைஞ்சார், மணந்தும் பாத்தார். ஒண்டுமில்லை மாத்தையா, தும்புதான் எண்டு நான் ஒரு பத்துத்தரம் சொல்லியிருப்பன். அவர் கொஞ்சம் தமிழ் கதைப்பார். கதைக்கிறது கொஞ்சமெண்டாலும் சரியாப் போய்க் குத்தும்.

"ஒண்டும் இல்லை எண்டா ஏன் மூடினது?"

நான் குனிஞ்சு, பறக்காமல் மிஞ்சின தும்பைப் பொறுக்கினன்.

பிரஸ் பட்டன்

அதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சன். உள்மட்டையை ஆணி அடிச்சு இறுக்காமல், சட்டைக்கு வைக்கிற பிரஸ் பட்டன் மாதிரிப் பெரிசாக் கொஞ்சம் எடுத்துச் சுத்திவரப் பூட்டினன். சென்றியில 'படபட' எண்டு திறந்து காட்டலாம், திரும்ப அமத்தி மூடலாம். கோப்ரல் ஒரு கிழமை திறந்து பாத்தார். பிறகு அலுத்துப்போய் விட்டுட்டார். எனக்கெண்டால் ஒரே பெருமை. கடை வாசலிலயே ஒரு கதவை நிப்பாட்டி வைச்சு, வாறவை போறவைக்குத் திறந்து மூடிக் காட்டினன்.

சிலாவத்துறையில இருந்து ஒரு ஹாஜியார் தன்ர காரைக் கொண்டுவந்தவர். கருவாட்டு வியாபாரி, நிதானமான மனிசன், ஒண்டைச் சொல்ல முதல் தாடியை மூண்டுதரம் தடவுவார். அவர் கதவைத் திறந்தார், மூடினார். திரும்பத் திறந்து உள்ளுக்கக் கையை விட்டு அளந்து பாத்தார். என்னை மேலயும் கீழயும் பாத்தார். பிறகு காரைத் திருப்பிக்கொண்டு போயிட்டார். போகேக்க சொன்னது இதுதான்.

"தச்சு மூடினா ஆமிக்குச் சந்தேகம், தம்பி. இப்படி லேசாத் திறக்கிற கதவைக் கண்டா, அல்லாஹ் மேல ஆணையா, எனக்கே என் மேல சந்தேகம் வருது."

வெங்காயம்

ரண்டு கிழமை போக செபமாலையண்ணை கடைக்கு வந்தார். முகம் இருண்டு கிடந்தது. கார் சத்தம் போடுதோ எண்டு கேட்டன். இல்லையாம், ஊசி விழுந்தாலும் கேக்குமாம். அதுதான் பிரச்சினையாம். சனம் ஏறேக்க வழமை மாதிரிச் சத்தமாக் கதைச்சுக்கொண்டு ஏறுதாம். கதவு சாத்தினதும் சின்ன வெங்காயம் என்ன விலை எண்டு ஒருத்தர் கேக்கிறாராம். அங்கயிருந்து முருங்கன் வரைக்கும் வெங்காயம்தானாம். சென்றியில இறங்கி நடக்கேக்க திரும்பவும் வாய் ஓயாதாம். ஏறினா வெங்காயம்.

செல்லாயி எண்டு ஒரு அம்மா, மலைநாட்டுப் பக்கமிருந்து வந்து முருங்கனில குடியேறின ஆள், வயல் கூலிக்குப் போறவ, வாயை மூடத் தெரியாத மனிசி. அவகூட அந்தக் காருக்குள்ள வெங்காயத்தைத் தாண்டுறதில்லையாம். விலை தெரியாமல் கேக்கினமாக்கும் எண்டு நான் சமாளிச்சன். அவற்ற கண்ணைப் பாக்காமல் ஊசிக்கு நூல் கோத்தன். ஆனா அண்ணை வேற கணக்கில யோசிச்சுக்கொண்டு நிண்டார்.

"ஏழு பேர் ரண்டு கிழமையா வெங்காயம் மட்டும் கதைக்கினம் எண்டா, அந்த வெங்காயத்துக்குள்ள ஏதோ கிடக்கு, தம்பி."

கேக்காத விசில்

ஒருநாள் விடியப்புறம் சென்றிக்காரர் கார் நிப்பாட்டுற எல்லைக்கோட்டை முப்பது யார் தூரம் முன்னுக்குத் தள்ளி வைச்சுட்டினம். செபமாலையண்ணைக்குத் தெரியாது. புழுதிக்குப் பயந்து கண்ணாடியெல்லாம் ஏத்திக் கிடந்தது. விசில் அடிச்சிருக்கினம், கேக்கேல்லை. நிப்பாட்டு எண்டு கத்தியிருக்கினம், கேக்கேல்லை. சைக்கிளில வந்த ஒரு ஆள் சைக்கிளை எறிஞ்சுட்டு றோட்டோரமாக் குப்புற விழுறதைக் கண்ட பிறகுதான் பிறேக்கில கால் வைச்சிருக்கிறார். திரும்பிப் பாத்தா மூண்டு துவக்கு காரைப் பாத்தபடி. மத்தியானம் வரைக்கும் வெயிலுக்க முழங்காலில நிப்பாட்டி விட்டினம்.

அவர் கடைக்கு வந்து கதிரையில இருந்து கால்சட்டையை மேல சுருட்டினார். ரண்டு முழங்காலும் உரிஞ்சு கிடந்தது. நான் தண்ணி எடுத்துக் குடுத்தன். குடிச்சு முடிச்சு, கோப்பையைக் கீழ வைச்சுட்டுத்தான் கதைச்சார். ஏசேல்லை. ஏசியிருந்தாத் தாங்கியிருப்பன்.

"றோட்டுச் சத்தம்தான் வேண்டாமெண்டனான். உயிரோட இருக்கிறதுக்கு வேணுமான சத்தத்தையும் எடுத்துப் போட்டாயே."

கோப்ரலின்ர குரல்

அடுத்த நாளே காரைக் கடைக்கு முன்னால நிப்பாட்டினன். எஞ்சின் ஓட ஓட, கண்ணாடி ஏத்தி, அண்ணையை உள்ளுக்க இருத்தினன். நான் இருபது யார் தள்ளி நிண்டு விசில் அடிச்சுக் கத்துவன், கேட்டா அவர் கையைத் தூக்கோணும். கேக்காட்டி முன்கதவுத் தும்பில ஒரு பிடி எடுக்கிறது. ஒரு விசயத்தை நான் யோசிக்கேல்லை. ஆரைக் கண்டாலும் அவையின்ர குரல் என்ர தொண்டையில வந்து குந்தியிடும். கத்தினா, என்ர குரலில கத்த எனக்குத் தெரியாது.

மூக்கால ஒரு இழுப்பு இழுத்து, கோப்ரலாகவே, நிப்பாட்டு எண்டதைச் சிங்களத்தில "நவத்தன்ன!" எண்டன். முழு பசாரும் நிண்டுது. பாண்காரன் சைக்கிளில இருந்து இறங்கிக் கையைத் தூக்கினான். கந்தோர் கிளாக்கர் ஒருத்தர் பொக்கற்றில இருந்து அடையாள அட்டையை எடுத்து வானத்துக்குக் காட்டினார். காருக்குள்ள அண்ணை மட்டும் ஸ்டியரிங்கைப் பிடிச்சபடி பேசாமல் இருக்கிறார். தும்பில ஒரு பிடி எடுத்தன், திரும்பக் கத்தினன். ரண்டாம் பிடி. மூண்டாந்தரம் கத்தேக்க அண்ணையின்ர கை மேல போச்சுது. நான் சந்தோசத்தில திரும்பினன். எனக்குப் பின்னால, ஒரு கையில பாண், மறு கையில இரும்புக் கம்பியோட, உண்மையான கோப்ரல் நிக்கிறார்.

திரும்பச் சொல்லு எண்டார். சொன்னன், ஆட்டுக்குட்டி கத்தின மாதிரி வந்தது. அவர் சிரிக்கேல்லை. என்ன செய்யிறியள் எண்டு கேட்டார். விளங்கப்படுத்தினன். அவர் காரை ஒருக்காச் சுத்தி நடந்தார். பிறகு என்னையும் அண்ணையையும் உள்ளுக்க ஏத்திக் கதவைச் சாத்தி, கதையுங்கோ எண்டு கையைக் காட்டினார். நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது? வெங்காய விலையைத்தான் கதைச்சம். அவர் கண்ணாடியில காதை வைச்சுக் கேட்டார். ஒண்டும் கேக்கேல்லைப் போல. கதவைத் திறந்தார், எட்டிச் சாவியை எடுத்தார். உள்ளுக்க கதைக்கிறது வெளியில வரக்கூடாதெண்டுதான் இதைச் செய்திருக்கிறியள், ரகசியம் கதைக்கிற கார் இது, ரண்டு பேரும் ஆமிக் காம்புக்கு நடவுங்கோ எண்டார். முருங்கன் ஆஸ்பத்திரிக்கு நோயாளியளைக் கொண்டுபோகத்தான் செய்தது, குலுக்கமில்லாமல், சத்தமில்லாமல் எண்டு நான் அவிட்டுவிட்டன். கோப்ரல் நோயாளி எங்க எண்டு கேட்டார். செபமாலையண்ணையின்ர சொண்டு வெளிறிப்போச்சு. உண்மையைச் சொன்னா அவற்ற ஓட்டம் அண்டையோட முடிஞ்சுது. சொல்லாட்டிக் காம்ப். அவர் என்னைப் பாக்கிறார். நான் தும்பைப் பாக்கிறன்.

காருக்கு ஏற வந்து நிண்ட சனத்துக்குள்ள செல்லாயியும் நிண்டவ, தலையில ஒரு சின்ன மூட்டையோட. அண்ணையில உள்ள இரக்கம்தான், வேறொண்டுமில்லை. சனத்தை விலத்திக்கொண்டு முன்னுக்கு வந்து கோப்ரலுக்கு நேர நிண்டா.

"ஐயா, இந்தக் காருல யாருங்க ரகசியம் பேசப்போறா? நாங்க பேசுறத ஒட்டுக்கேக்கத்தான் இவரு பஞ்சு அடைச்சாருன்னு எல்லாருக்குமே தெரியும். இந்தக் குஷன் கடை அண்ணந்தான் தேத்தண்ணிக் கடையில, அவரு மாதிரியே கழுத்தைச் சரிச்சு, காதுல குசுகுசுன்னு சொல்ற மாதிரி நடிச்சுக் காட்டுனாரே. வயிறு வலிக்கச் சிரிச்சோமே, ஐயா."

கோப்ரல் சிரிச்சுக்கொண்டு சாவியைத் திருப்பிக் குடுத்தார், அடுத்த கிழமை தும்பு முழுக்க நானே கழட்டினன், கார் பழையபடி கடகடக்கச் சனமும் பழையபடி வாய்விட்டுக் கதைக்கத் தொடங்கிச்சுது, செபமாலையண்ணை மட்டும் இண்டைவரைக்கும் என்னோட ஒரு சொல்லுக் கதைக்கிறதில்லை.