காட்டுமுள்ளங்கி முளைத்த வரிசை

"பிப்ரவரி, இரண்டாம் சனி. அக்கா அடக்கம். பின்வரிசை. தலைமாட்டில் ஒரு செடி. இலையெல்லாம் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் ரோமம். சின்ன மஞ்சள் பூ. கசக்கினால் கற்பூர வாடை. பெயர் பார்க்க வேண்டும்."

அன்றைய டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது. பூந்தமல்லிக் கல்லறைத் தோட்டத்தில் நின்றபடியே எழுதியது. சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளந்திருக்கலாம். அக்கா பெயர் எழுதிய மரச்சிலுவை நட்டிருந்ததால் அது தோன்றவில்லை. செடியின் பெயர் தெரியாததுதான் உறுத்தியது.

முகப்பேர் வீட்டில் ஒரு மாதம் அதையே தேடினேன். ஒரு மூலிகை நூல் நாரக்கரந்தை என்றது, இன்னொன்று காட்டுமுள்ளங்கி என்றது. சூரியகாந்திக் குடும்பம் என்பதில் இரண்டுக்கும் சண்டை இல்லை. இலை முள்ளங்கியைப் போல வெட்டுப்பட்டிருந்ததால் இரண்டாவது பெயரை எழுதிக்கொண்டேன். அந்த நாட்களில் எனக்கு அப்படியொரு வேலை தேவைப்பட்டது. ஒரு பருவத்தோடு காய்ந்துபோகும் செடி என்றும் நூலில் இருந்தது. வாசித்தேன், குறித்துக்கொள்ளவில்லை.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியோடு போனபோது செடி இல்லை. மழையில் சாய்ந்த மரச்சிலுவைகளை, சுத்தம் செய்தவர்கள் சுவரோரம் குவித்திருந்தார்கள். அக்காவுடையதும் அதில் கிடந்தது. பங்குக் கோயில் பதிவேட்டில் வரிசை மட்டுமே உண்டு. அந்த வரிசையில் பெயரில்லாத மண்மேடுகள் மூன்று.

குழி வெட்டுபவரிடம் செடியைப் பற்றிச் சொன்னேன்.

"இன்னா சார், போயும் போயும் களையவா அடையாளம் வச்சிகினு கீற? ஆடுகூட அத மோந்துட்டுப் பூடும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "தை பொறக்கட்டும், தானா மொளைக்கும். அப்ப வந்து பாரு."

அதை நம்பி இருந்தேன். மண் இறங்க ஒரு வருடம் விட்டுத்தான் கல் பதிப்பார்கள். குமணன்சாவடிப் பட்டறையில் அக்கா பெயர் வெட்டிய கல் தயாராக இருந்தது. வருட நினைவு நாளன்று அக்கா மகளோடு போனேன்.

செடி முளைத்திருந்தது. மூன்று மேட்டிலும், நடைபாதையிலும், சுவர் வெடிப்பிலும். பஞ்சு கட்டிக்கொண்டு காற்றில் போகிற விதை அதற்கு.

கொத்தனார் கல்லை இறக்கிவிட்டுக் காத்திருந்தார்.

"மாமா, இதுல அம்மா எது?"

"நடுவுல இருக்கறதும்மா."

"நல்லா தெரியுமா?"

"எழுதி வச்சிருக்கேன்."

டைரியை அவள் கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து நடுமேட்டிலிருந்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பஸ்ஸில் திரும்பும்போது அவள் கையில் கற்பூர வாடை அடித்தது.

அன்றைய பக்கத்தில் எழுதியது: "கல் பதித்தாயிற்று. நடுமேடு. அக்காவுடையதுதானா என்பது சரிபார்க்கப்படவில்லை." இன்றுவரை அந்த வரியைத் திருத்த எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.